தன்னார்வத் தீயணைப்பு வண்டிகளை வாராவாரம் சோதிப்பது எப்படி: லாரி டிரைவர் மகள் ஒருத்தியின் முறை

என் அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக் கிளம்பும் முன்னால் கையில் ஓர் இரும்புக் கம்பியோடு வண்டியை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு டயராகத் தட்டுவார். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும். இறங்கியிருந்தால் 'தொப்'பென்று அமுங்கும். பின்னால் ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் கண்ணுக்கு எட்டாது. அதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பள்ளி விடுமுறையில் கிளீனர் அண்ணனோடு நானும் அவர் பின்னாலேயே சுற்றியிருக்கிறேன்.

இப்போது நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் மலையோரச் சிற்றூர் ஒன்றில். பகலில் கணக்கு வேலை. திங்கட்கிழமை இரவு ஏழு மணிக்கு ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் இருப்பேன். அந்த நிலையத்தில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பால்பண்ணைக்காரர், பள்ளி பஸ் ஓட்டுகிறவர், எலக்ட்ரீஷியன், நான் என்று எல்லோரும் பேஜர் அடித்தால் வீட்டிலிருந்து ஓடி வருகிறவர்கள். இந்த நாட்டின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் இப்படிப்பட்டவர்கள்தான். எங்கள் மாநிலத்தில் இந்த வழக்கம் மிகவும் பழையது. 1736-இல் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கியபோது, ஒவ்வொரு உறுப்பினரும் சொந்தச் செலவில் தோல் வாளி வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அந்த வாளிகளின் இடத்தில் நான்கு வண்டிகள் இருக்கின்றன.

அமெரிக்கச் சிற்றூர்களில் வசிக்கும் நம்மவர்கள் பலர், நிலைய வாசலில் 'ஆட்கள் தேவை' என்ற பலகையைப் பார்த்துக்கொண்டே தினமும் காரில் கடந்து போகிறார்கள். தீக்குள் போக எல்லோராலும் முடியாது. ஆனால் வண்டி பார்க்க ஆள் வேண்டும், அதற்கு எப்போதும் பஞ்சம். அப்படி வருகிற ஒருவருக்கு முதல் நாள் நான் என்ன சொல்லிக்கொடுப்பேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

பெரிய நகரத்து நிலையத்தில் ஆட்கள் வண்டியோடேயே வாழ்கிறார்கள். ஷிஃப்டு மாறும்போதெல்லாம் யாராவது ஒருவர் தொட்டுப் பார்த்துவிடுவார். எங்கள் வண்டி ஆறு நாள் தொடர்ந்து அப்படியே நிற்கும். நிற்கிற வண்டிதான் அதிகமாகக் கெடும். பேட்டரி இறங்கும், ஏர் கசியும், வால்வு இறுகிக்கொள்ளும், எலி வயரைக் கடிக்கும். அத்தனையும் சத்தமில்லாமல் நடக்கும். தெரியவருவது அதிகாலை இரண்டு மணிக்கு.

வண்டிகள்

முதல் வண்டி பம்பர். இங்கே 'எஞ்சின்' என்றே சொல்வார்கள். 1,000 காலன் தண்ணீர்த் தொட்டி, நிமிடத்துக்கு 1,250 காலன் தள்ளும் பம்ப். 1,000 காலன் என்றால் சுமார் 3,800 லிட்டர். நிறையத் தோன்றும். ஒரு ஹோஸைப் பிடித்து நிமிடத்துக்கு 150 காலன் அடித்தால் ஏழு நிமிடத்துக்குள் காலி. எங்கள் ஊரின் பாதிக்கு மேல் தெருக்குழாயே கிடையாது. அதனால்தான் இரண்டாவது வண்டி, 3,000 காலன் டேங்கர். அது வந்து தார்பாய் போன்ற மடக்குத் தொட்டியை விரித்து, அதில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளத்துக்கோ பக்கத்து ஊர்க் குழாய்க்கோ திரும்ப ஓடும். மூன்றாவது ரெஸ்க்யூ வண்டி. கார் விபத்தில் மாட்டிக்கொண்டவர்களை வெட்டி எடுக்கும் கருவிகள் அதில்தான். நான்காவது பிரஷ் டிரக், காட்டுத் தீக்குப் போகும் நாலுசக்கர டிரைவ் பிக்கப்.

இந்த பம்பரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். புதிதாக ஒன்று வாங்க வேண்டுமென்றால் இன்று விலை பத்து லட்சம் டாலரைத் தொடுகிறது. நாங்கள் சேர்ப்பதோ கோழி வாட்டி விற்றும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பான்கேக் சுட்டும். ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வழி.

சுற்றி வருவது

தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் கேபினில், ஒருவர் கீழே. சோதனைத் தாளைக் கிளிப் பலகையில் மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். இதை யாரும் மறக்கக் கூடாது. பின்னால் ஏர் பிரேக் பார்க்கும்போது வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டைகள் மட்டும்தான்.

எஞ்சினைப் போடும் முன்னால் ஒரு சுற்று வாருங்கள். முதலில் தரையைப் பாருங்கள். நான் ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டித் துண்டை விரித்து வைத்திருக்கிறேன். ஆறு நாளில் என்ன சொட்டியது என்று அந்த அட்டை காட்டிக்கொடுக்கும். கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில், சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில், பச்சையோ ஆரஞ்சோ என்றால் கூலண்ட். வெறும் தண்ணீர்க் கறை என்றால் பம்பிலோ தொட்டியிலோ கசிவு. அட்டையில் தேதி எழுதி வையுங்கள். சென்ற வாரத்தை விட வட்டம் பெரிதாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

டயரைக் கம்பியால் தட்டுங்கள், ஆனால் கேஜும் வைத்துப் பாருங்கள். தீயணைப்பு வண்டி எப்போதும் முழு லோடுடன் நிற்கும் வண்டி. லாரி லோடு இறக்கிவிட்டு ஓய்வெடுக்கும். இதற்கு அந்த ஓய்வு கிடையாது. அப்புறம் டயரின் வயது. பட்டன் தேயாமல் புதிது போலவே இருக்கும்; ஏனென்றால் வருடத்துக்கு ஓடுவதே சில ஆயிரம் மைல். அதை நம்பக் கூடாது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்களில் கடைசி நான்கைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். தீயணைப்பு வண்டிகளுக்கான என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) விதி, ஏழு வருடமானால் பட்டன் எப்படி இருந்தாலும் டயரை மாற்றச் சொல்கிறது. அந்த நான்கு எண் சில டயரில் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். மல்லாந்து படுத்து டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். படுங்கள்.

எஞ்சின் ஆயில், கூலண்ட், டீசல், விளக்குகள், சைரன், வைப்பர், பெட்டிக் கதவுகள்: இவை எந்த வண்டிக்கும் உள்ளவை, தாளில் வரிசையாக இருக்கும், டிக் போட்டுக்கொண்டு போகலாம். டீசல் முக்கால் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். களத்தில் பம்ப் மணிக்கணக்காக ஓடும். அங்கே பங்க் இருக்காது.

ஏர் பிரேக்

இதை லாரிக்காரர் வீட்டில் வளர்ந்தவர்கள் அரைத் தூக்கத்திலும் செய்வார்கள். மற்றவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

எஞ்சினைப் போட்டு ஏர் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) வாக்கில் ஏறி நிற்கும் வரை விடுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, கட்டைகள் இருக்கின்றனவா என்று கீழே நிற்பவரிடம் குரல் கொடுத்துக் கேட்டுவிட்டு, பார்க்கிங் பிரேக்கை எடுங்கள். பிரேக் பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் இறங்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கோ கசிவு. அந்த நேரத்தில் கீழே நிற்பவர் பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 'உஸ்' என்று வரும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால் குமிழி விட்டு இடத்தைக் காட்டும்.

அடுத்து சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, எஞ்சின் போடாமல் பெடலை விட்டு விட்டு மிதியுங்கள். ஏர் குறைந்து 60 பி.எஸ்.ஐ. வாக்கில் வரும்போது விளக்கும் மணியும் எச்சரிக்க வேண்டும். இன்னும் மிதித்தால் 45-க்கும் 20-க்கும் இடையில் பார்க்கிங் பிரேக் பட்டன் 'டப்'பென்று தானாக வெளியே வரும். வரவில்லை என்றால் அந்த வண்டி அன்றைக்கு வெளியே போகக் கூடாது. சாவியை எடுத்து வைத்துவிட்டு நிலையத்தின் தலைவரான சீஃபைக் கூப்பிடுங்கள்.

ஏர் டேங்கின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விடுங்கள். இங்கே ஜனவரியில் அந்தத் தண்ணீர் பைப்பில் உறைந்து பிரேக்கையே அடைத்துவிடும்.

தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது

இது எனக்கு முக்கியமான இடம்.

பம்பர் பேனலில் தண்ணீர் அளவுக்கு நான்கு விளக்குகள் இருக்கின்றன. நான்கும் எரிந்தால் தொட்டி நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு சனிக்கிழமை மாலை, புல்வெளியோரக் கொட்டகை ஒன்று பிடித்துக்கொண்டது. நான்கு விளக்கும் எரிந்தன. ஹோஸைத் திறந்தோம். இரண்டு நிமிடம் கடந்ததும் ஹோஸின் முனையில் இருக்கும் நாசிலில் தண்ணீர் இருமியது. அப்புறம் காற்று. பேனலில் நான்கு விளக்கும் அப்போதும் எரிந்துகொண்டிருந்தன. சென்சாரில் அழுக்கு படிந்து ஒட்டிக்கொண்டதால் அது பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தது. தொட்டியில் ஆரம்பத்திலேயே மூன்றில் ஒரு பங்குதான் இருந்திருக்கிறது. டேங்கர் வந்து சேரும் வரை நாங்கள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொட்டகையில் ஆளோ மாடோ இல்லை. அந்த நிமிடங்களை நான் மறக்கவில்லை.

அன்றிரவு ஊருக்கு போன் செய்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓட்டிய லாரிகளில் டீசல் கேஜ் சரியாக வேலை செய்த லாரி ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. மூடியைத் திறந்து குச்சியை விட்டுத்தான் அளப்பார். "கண்ணு, மீட்டர எதுக்குப் பாக்கற? மூடியத் தொறந்து தொட்டியப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும் மேலே ஏறுகிறேன். பின்பக்க ஏணியில் மூன்று இடத்தில் பிடிப்பு இருக்க வேண்டும்: இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால். மேலே ஏறி நிரப்பும் வாயின் மூடியைத் திறந்து டார்ச்சை உள்ளே அடியுங்கள். தொட்டி நிறைந்திருந்தால் உங்கள் டார்ச் வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் மேல் ஆடிக்கொண்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். குறைந்திருந்தால் வெளிச்சம் கீழே போய்த் தடுப்புத் தகடுகளில் விழும். அந்தத் தகடுகளையும் பார்த்து வையுங்கள். வண்டி திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் பாயாமல் தடுப்பவை அவைதான். பிறகு மேலிருந்தே கீழே நிற்பவரிடம் கேளுங்கள்: எத்தனை விளக்கு எரிகிறது? நீங்கள் கண்டதும் அவர் சொல்வதும் பொருந்த வேண்டும். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே தண்ணீரைக் கால்வாசி, அரைவாசி இறக்கி, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றனவா என்று பார்க்கிறோம்.

பம்ப்

நம் ஊர்க் கிணற்று மோட்டாரை அறிந்தவர்களுக்கு இந்தப் பம்ப் புரியும். இரண்டும் ஒரே சாதி, சுழல் பம்ப். காற்று இருந்தால் தண்ணீரை இழுக்காது. ஊரில் என்ன செய்வோம்? புட்வால்வு வரை பைப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்புவோம். கசிவு இருந்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவோம், அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். இங்கே அந்த வேலைக்கு 'பிரைமர்' என்று தனியாக ஒரு சின்ன மோட்டார். பட்டனை இழுத்தால் பம்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். குளத்துத் தண்ணீர் அந்த வெற்றிடத்தைத் தேடி ஏறி வரும்.

வாரச் சோதனை இப்படி. வண்டியை வெளியே எடுத்து நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, பம்ப் மாற்றும் சுவிட்சைத் தள்ளி, பிறகு டிரைவில் போடுங்கள். பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாமல் ஆக்சிலேட்டரைக் கூட்டாதீர்கள். எஞ்சின் சக்தி இன்னும் சக்கரத்தோடு இணைந்திருக்கலாம். கீழே இறங்கிக் கட்டை வைத்துவிட்டுப் பேனலுக்கு வாருங்கள். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வால்வை முழுக்கத் திறங்கள். தொட்டிக்குத் திரும்பப் போகும் வால்வைக் கொஞ்சம் திறங்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். எல்லா வழியும் மூடியிருக்கப் பம்பை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், சீல் போய்விடும்.

அழுத்தத்தை மெல்ல 150 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுங்கள். இப்போது ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூடுங்கள். எந்த வால்வையும் படீரென்று திறக்கவோ மூடவோ கூடாது. ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அது பைப்பைச் சம்மட்டியால் அடித்த மாதிரி அடிக்கும். கைப்பிடி கனமாக இருந்தால் எழுதி வையுங்கள். இரண்டு ஹோஸில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது ஒன்றை மூடிப் பாருங்கள். மற்றதில் அழுத்தம் முன்பு இருந்ததை விட 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் எகிறக் கூடாது. எகிறினால் அங்கே நாசில் பிடித்திருப்பவர் ஏணியில் நின்றுகொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பம்பின் அச்சு நுழையும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். கயிறு போன்ற பேக்கிங் வைத்த பம்ப் என்றால் அது சொட்டத்தான் வேண்டும், அந்தச் சொட்டுதான் அச்சைக் குளிர வைக்கிறது. நல்லெண்ணத்தில் யாராவது ஸ்பேனர் எடுத்து இறுக்கிவிடப் போகிறார்கள், தடுங்கள். மெக்கானிக்கல் சீல் வைத்த பம்ப் என்றால் சொட்டவே கூடாது. உங்கள் வண்டி எந்த வகை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை வெற்றிடச் சோதனை. பம்பிலிருந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, உறிஞ்சும் பக்கத்து மூடிகளை இறுக்கி, வெளியேற்றும் பக்கத்தில் வால்வுகளை மூடி, மூடிகளைக் கழற்றிவிடுங்கள். பிரைமரை இழுங்கள். வெற்றிட மீட்டர் (பாதரச அங்குலக் கணக்கில்) 22 அங்குலத்துக்கு வர வேண்டும். பிரைமரையும் எஞ்சினையும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். முள் 10 அங்குலத்துக்கு மேல் விழக் கூடாது. விழுந்தால் எங்கோ ஒரு வாஷர் காய்ந்துபோயிருக்கிறது. பெரும்பாலும் மூடிக்குள் இருக்கும் அரை டாலர் ரப்பர் வளையம்தான். அந்த வளையம் கெட்டால் குளத்தங்கரையில் முழு எஞ்சினும் உறுமிக்கொண்டு நிற்கும், ஒரு வாளி தண்ணீர் ஏறாது.

குளிரில்

ஜனவரியில் இங்கே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை போகும். விறகு அடுப்பு வைத்த வீடுகள் அதிகம், அதனால் புகைபோக்கித் தீயும் அதிகம். அப்படி ஒரு வீட்டில் வேலை முடிந்து திரும்பி, பம்பை வடித்தது நான்தான். பெரிய வடிகாலைத் திறந்தேன், தண்ணீர் நின்றதும் மூடினேன். பின்பக்க வாய்க்கு உள்ள சின்ன வடிகால் பித்தளைத் திருகைத் திறக்கவில்லை. அது பம்பருக்கு அடியில், கை நுழைய இடமில்லாத இடத்தில் இருக்கிறது. அதே இரவில் அடுத்த அழைப்பு. அரைமணி நேரம் மலைப்பாதையில் போய்ச் சேர்ந்தபோது அந்த வாயின் மூடி அசையவில்லை. உள்ளே மிச்சமிருந்த இரண்டு டம்ளர் தண்ணீர் கல்லாகியிருந்தது. பக்கத்து வாயில் ஹோஸை மாட்டி வேலையை முடித்தோம். மறுநாள் வடிகால் திருகுகள் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்து எண் போட்டேன். எங்கள் பம்பரில் பதினொன்று இருக்கின்றன. குளிர்காலத் தாளில் பதினொரு கட்டங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, தண்ணீர் நின்று, காற்று வருவதை விரலால் உணர்ந்த பிறகே டிக். உங்கள் வண்டியில் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள்.

மூச்சுக் கருவி, ஹோஸ்

முதுகில் மாட்டும் மூச்சுக் கருவியில் இருப்பது ஆக்சிஜன் அல்ல, அழுத்திய சாதாரணக் காற்று. எங்கள் சிலிண்டர்கள் 4,500 பி.எஸ்.ஐ. வகை. அதில் 90 சதவீதத்துக்குக் குறைந்தால், அதாவது 4,050-க்குக் கீழே போனால் எடுத்து நிரப்ப வேண்டும். முப்பது நிமிட சிலிண்டர் என்பார்கள். ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறுகிறவருக்கு அது பதினைந்து, இருபது நிமிடம்தான் வரும். ஆகவே குறைகிற ஒவ்வொரு நூறும் கணக்கு.

சிலிண்டரைத் திறங்கள், சிலிண்டர் மீட்டரும் தோள்பட்டை மீட்டரும் ஒன்றையே சொல்கின்றனவா பாருங்கள். பிறகு கருவியை ஆடாமல் அசையாமல் தரையில் வையுங்கள். அரை நிமிடத்துக்குள் அது அலற வேண்டும். வீரர் விழுந்து அசையாமல் கிடந்தால் மற்றவர்களுக்கு இடத்தைக் காட்டுவது அந்த அலறல்தான். அப்புறம் சிலிண்டரை மூடிக் காற்றை மெல்ல வெளியே விடுங்கள். அழுத்தம் இறங்கும்போது காற்றுக் குறைவு மணி அடிக்க வேண்டும். முகமூடியின் கண்ணாடியில் கீறல், ரப்பரில் வெடிப்பு, பட்டையில் இழை பிரிதல் பாருங்கள். இதில் அவசரம் காட்டுகிறவரிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

ஹோஸை வாராவாரம் பிரிக்க வேண்டியதில்லை. நாசில் திறந்து மூடுகிறதா, இணைப்பில் வாஷர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வருடம் ஒருமுறை எல்லா ஹோஸையும் பிரித்து, தீயடிக்கும் ஹோஸ்களை 300 பி.எஸ்.ஐ.யில் ஐந்து நிமிடம் சோதிக்கிறோம். அதற்கு முன் இணைப்பு முடியும் இடத்தில் துணி மேல் பென்சிலால் ஒரு கோடு. சோதனைக்குப் பிறகு கோடு விலகியிருந்தால் இணைப்பு நழுவுகிறது. அந்த ஹோஸ் தோட்டத்துக்குத்தான்.

ரெஸ்க்யூ, பிரஷ் டிரக்

ரெஸ்க்யூ வண்டியில் விரிப்பான், வெட்டி, தள்ளும் கம்பம் மூன்றும் பேட்டரியில் ஓடுபவை. சார்ஜர் விளக்கு பச்சையாக இருந்தால் போதாது. பேட்டரியைக் கருவியில் மாட்டி, கருவியின் கைகளை முழுக்க விரித்து, மூடி, கடைசியில் ஓர் அங்குலம் திறந்தபடி வையுங்கள். வெட்டியின் அலகில் விரலை ஓட்டாமல், டார்ச் வெளிச்சத்தில் பல் உடைந்திருக்கிறதா பாருங்கள். மரக்கட்டைகளை எண்ணுங்கள். கவிழ்ந்த காரை வெட்டும் முன் அது அசையாமல் நிற்க வேண்டும். அதைச் செய்வது இந்த விலை மலிவான கட்டைகள். போன அழைப்பில் இரண்டை ரோட்டோரத்திலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியின் ஒட்டுப் பட்டைகளுக்கும் மருந்துகளுக்கும் காலாவதித் தேதி உண்டு, படியுங்கள்.

பிரஷ் டிரக்குக்கு எங்கள் பகுதியில் வேலை மார்ச் முதல் மே வரை. பனி கரைந்து, மரம் இன்னும் தளிர்க்காமல், போன வருடச் சருகு வெயிலில் காயும் காலம். அதன் பம்ப் தனி பெட்ரோல் எஞ்சினில் ஓடுகிறது. பெட்ரோல் கிடந்தால் கெட்டுவிடும், ஆகவே வாரம் பத்து நிமிடம் ஓட்டி, கடைசியில் பெட்ரோல் குழாயை மூடித் தானாக அணையும் வரை விடுங்கள். முதுகில் சுமக்கும் 5 காலன் கைப்பம்புகளும் இதில்தான். இங்கே அதற்கு 'இந்தியன் டேங்க்' என்று பெயர். நம் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, நான் கேட்டுவிட்டேன்.

டேங்கரும் ரிவர்ஸும்

டேங்கரின் சோதனை பம்பரைப் போலத்தான். கூடுதலாகப் பின்பக்கக் கொட்டும் வாயைத் திறந்து பாருங்கள். நிமிடத்துக்கு ஆயிரம் காலனுக்குக் குறையாமல் கொட்ட வேண்டும். அது பாதியில் மாட்டிக்கொண்டால் மடக்குத் தொட்டி நிறைய நேரமாகி, பின்னால் வரும் டேங்கர்கள் வரிசையில் நிற்கும்.

ஓட்டப் பழகுகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டியது எடை. 3,000 காலன் தண்ணீர் மட்டும் 11 டன்னுக்கு மேல். தன்னார்வலர்கள் ஓட்டும் டேங்கர்கள் கவிழ்ந்து பல உயிர்கள் போயிருக்கின்றன. பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கிறது: வலதுபக்கச் சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்குகிறது, டிரைவர் பதறி ஸ்டியரிங்கை இடதுபக்கம் வெட்டுகிறார், வண்டி ரோட்டில் ஏறிய வேகத்தில் கவிழ்கிறது. அப்படி இறங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, வேகம் குறைந்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள். தொட்டியை ஒன்று முழுதாக நிரப்பி ஓட்டுங்கள், அல்லது முழுதாகக் காலி செய்து ஓட்டுங்கள். அரைத் தொட்டித் தண்ணீர் உங்களுக்கு முன்னால் திரும்பும். எல்லோரும் சீட் பெல்ட் போட்ட பிறகே வண்டி நகர வேண்டும்.

சோதனை முடிந்து உள்ளே விடுவது ரிவர்ஸில். கேமரா இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் பின்னால் ஓர் ஆள் நிற்காமல் எங்கள் வண்டி ஓர் அடி பின்னால் வராது. அவர் டிரைவர் பக்கத்துப் பின்மூலையில், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்பார். கண்ணாடியிலிருந்து அவர் மறைந்த நொடியே டிரைவர் நிறுத்த வேண்டும். கையால்தான் சைகை என்பது விதி. நான் பின்னால் நிற்கும் நாளில் கையைக் காட்டிக்கொண்டே வாயும் தானாகப் பாடும்: "வரலாம்... வரலாம்... வரலாம்... ஹோல்டான்!" எங்கள் பால்பண்ணைக்காரருக்கு 'ஹோல்டான்' இப்போது பழகிவிட்டது. நான் லீவு போட்ட நாளில் அவரே அதைச் சொல்லித்தான் வண்டி விடுகிறாராம்.

உள்ளே விட்டதும் சுவரிலிருந்து வரும் சார்ஜர் வயரையும் ஏர் குழாயையும் வண்டியில் மாட்டுங்கள். வயர் பேட்டரியைக் காக்கும். குழாய், வண்டி உடனே கிளம்புகிற அளவுக்கு ஏரை நிறுத்தி வைக்கும். தாளில் தேதி, நேரம், இரண்டு பேர் கையெழுத்து. குறை எதுவும் இருந்தால் 'சரியாக இல்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'இடதுபக்கம் பின்வெளி டயர், 12 பி.எஸ்.ஐ. குறைவு, நிரப்பப்பட்டது' என்று எழுதுங்கள், அடுத்த திங்கள் படிப்பவருக்கு அதுதான் உதவும். ஓட்டக் கூடாத வண்டி என்றால் சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டை கட்டி, அன்றிரவே எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள். அடியில் புது அட்டையை விரித்துத் தேதி போடுங்கள். விளக்கை அணைக்கும் முன் இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள், எங்காவது 'உஸ்' கேட்கிறதா என்று.